ரங்கூன் மேஸ்திரியைக் கூட்டிவரப் போனேன்

ரங்கூன் துறைமுகத்தில் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது, என்னை உதைப்பதற்காக ஒரு கூட்டம் கரையில் காத்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. வரவேற்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கோட்டுப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. அந்த நாளில் எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு ரங்கூன் வெளிநாடு அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அடுத்த ஊர். மதுரையைப் பார்க்காமலே செத்தவர்கள் உண்டு, ரங்கூனில் சொந்தக்காரன் இல்லாதவர்கள் கிடையாது. வீட்டு உத்தரம் ரங்கூன் தேக்கு. மழை பொய்த்த வருஷத்தில் உலையில் விழுவது ரங்கூன் அரிசி. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோளில் போடுவது ரங்கூன் பட்டு. எங்கள் வீட்டுக்கு இவை எல்லாவற்றோடும் ஓர் ஆளும் ரங்கூனில் இருந்தார். என் அக்கா மீனாட்சியின் புருஷன், முத்தையா அத்தான்.

அத்தான் பசுண்டாங் ஓடைக்கரையில் ஒரு நீராவி அரிசி மில்லில் மேஸ்திரி. ஊரில் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டி, கப்பலேற்றிக் கொண்டுபோய், மில்லில் விட்டு வேலை வாங்குகிறவருக்கு மேஸ்திரி என்று பேர். மகள் வள்ளி பாவாடை தடுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்த வயதில் ஒரு கூட்டம் ஆட்களோடு போனவர், திரும்பவே இல்லை. பணம் வரும், பட்டு வரும், ஆள் வராது. கேட்டால், "பருவம் முடியட்டும்" என்பார். நெல் பருவம் வருஷா வருஷம் முடிந்தது. அத்தானின் பருவம் முடியவில்லை.

இப்போது வள்ளிக்குத் தை மாதத்தில் கல்யாணம். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"அவுக கையாலதான் பொண்ணைத் தாரை வாக்கணும். நீ போயிக் கூட்டிட்டு வா. நீ மட்டும் தனியா வந்தியன்னா வாசப்படி ஏறாத."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததே அந்த வாசப்படிக்கு உள்ளேதான். எனக்கு அப்போது உத்தியோகம் என்று ஒன்று இல்லை. கோட்டு ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கப்பலில் மேல்தளத்துப் பயணம். முதல் நாள் கடலைப் பார்த்து வியந்தேன். மறுநாள் முதல் கடல்தான் என்னைப் பார்த்தது. நான் குனிந்தே இருந்தேன். பக்கத்துப் பாய்க்காரர் கீழக்கரை மரைக்காயர் ஒருவர், ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எல்லாரும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். அவர் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயால்தான் நான் உயிரோடு கரை சேர்ந்தேன்.

உடம்பு தேறியதும் எனக்கு வாய் தேறிவிட்டது. சுற்றிலும் மழை இல்லாத வேறு சீமைகளிலிருந்து வேலை தேடிக் கிளம்பிய பத்துப் பதினைந்து பேர், ரங்கூனில் யாரையும் தெரியாதவர்கள். அவர்களிடம் நான் ரங்கூனைப் பற்றி விளக்கினேன். நான் பார்த்தது ரங்கூன் தேக்கு மட்டும்தான் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. "என் அத்தான்தான் பெரிய மில்லில் மேஸ்திரி" என்று மட்டும் ஒன்றுக்குப் பலமுறை சொன்னேன். அதன் பிறகு என் பாயைச் சுருட்டவும் எனக்குத் தண்ணீர் மொண்டு தரவும் ஆள் இருந்தது. பெரிய மனிதனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஆற்றுக்குள் கப்பல் திரும்பியதும் மரங்களுக்கு மேலே ஷ்வேடகன் கோபுரம் தங்கத்தைக் காட்டியது. எல்லாரும் கும்பிட்டார்கள். கரை வந்ததும் நான் குடையை விரித்து முன்னால் இறங்கினேன். வெயில் அப்படி. பின்னாலேயே என் சீடர்கள், தலையில் மூட்டையோடு, ஒருவன் முதுகைப் பார்த்து ஒருவன்.

கரையில் நின்ற கூட்டத்திலிருந்து கட்டுமஸ்தான ஒருவன் முன்னே வந்தான். குரலில் மரியாதை இருந்தது.

"ஐயா எந்த மில்லுக்கு?"

"முத்தையா மேஸ்திரி மில்லுக்கு. நான் அவர் மச்சினன்."

"பின்னால வர்ற ஆளுக?"

"எல்லாம் நம்ம ஆட்கள்தான்" என்றேன், ராஜாவைப் போல.

கூட்டத்தில் யாரோ, "பாத்தியா சந்தனம், நான் சொன்னேன்ல. கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு, மச்சினனை விட்டு ஆள் எறக்கிட்டாரு" என்றான். சந்தனம் என்று அழைக்கப்பட்ட அந்தக் கட்டுமஸ்தான ஆள் என் குடையைப் பிடுங்கி மடக்கினான். மடக்கிய குடைக்கு இருக்கும் இன்னொரு உபயோகம் எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

காக்கா மட்டும் நடுவில் புகுந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

"டேய், இவனைப் பாத்தா மேஸ்திரி மாதிரியாடா இருக்கு? கப்பல் பூரா வாந்தி எடுத்துக்கிட்டு வந்த பய. விடுங்கடா."

என் கௌரவத்தை இவ்வளவு கேவலமாக யாரும் காப்பாற்றியதில்லை. அந்தக் குழப்பத்திலேயே காக்கா குடையைச் சந்தனத்தின் கையிலிருந்து வாங்கி, என்னை லாஞ்சா வண்டியில் தள்ளி ஏற்றினார். ஆள் இழுக்கிற வண்டி அது. இழுத்த தெலுங்கர் என் உருவத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். காக்கா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

வண்டியில் காக்கா விளக்கினார். மில் ஆட்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள். மில்லுக்கு அவர்கள் பேர் தெரியாது. 'இன்ன மேஸ்திரி ஆள்' என்று மட்டும்தான் தெரியும். இனிமேல் மேஸ்திரி வேண்டாம், கேட்டில் எங்கள் பேரை நாங்களே சொல்லிச் சேருகிறோம் என்பதுதான் அவர்கள் கேட்பது. மில்காரர்கள் புது ஆள் இறக்கச் சொல்லி மேஸ்திரிகளை நெருக்குகிறார்கள். அத்தான் மட்டும் இறக்க மாட்டேன் என்று தன் ஆட்கள் முன்னால் சத்தியம் செய்திருந்தார்.

"கப்பல்லேருந்து முன்னால குடையோட எறங்குறவன் மேஸ்திரி, பின்னால வரிசையா மூட்டையோட வர்றவன் அவன் ஆளு. இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும் தம்பி. உனக்குத்தான் தெரியல" என்றார் காக்கா.

அத்தான் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு மரவீட்டு மாடியில் இருந்தார். தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஊர் நலம் விசாரிக்கவில்லை.

"நீ வந்து எறங்குன லட்சணம் உனக்கு முன்னாடி இங்க வந்துருச்சு" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். வள்ளி கல்யாணம், அக்கா சொன்னது, வாசப்படி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வர முடியாது மாப்ள" என்றார்.

"பருவமா?"

"மில்லே நிக்கிது. பருவம் எங்க இருக்கு?"

"பின்னே?"

பதிலுக்கு எனக்குச் சோறு போட்டார். கீழே ஆட்கள் சமைக்கும் கொட்டகையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அத்தான் எட்டிப் பார்த்தார். அவர் தலையைக் கண்டதும் சத்தம் நின்றது.

மறுநாள் அவரை அவர்போக்கில் விட்டு, ஊர் பார்க்கப் போனேன். நான் அப்படியெல்லாம் கவலையால் இளைக்கிற ஜாதி இல்லை.

அந்த ரங்கூனை எப்படிச் சொல்வது. சூலே கோயிலை நடுவில் வைத்து நூல் பிடித்ததுபோல் தெருக்கள். ஒரு தெருவில் நுழைந்தால் தமிழ், அடுத்ததில் குஜராத்தி, அதற்கடுத்ததில் சீனம். பபேடான் பக்கம் மசூதி வாசலில் பிரியாணி வாசனை, பத்தடி தள்ளிக் கோயில் வாசலில் சுண்டல் வாசனை. இரண்டுக்கும் நடுவில் நின்று நான் மதநல்லிணக்கத்தை அனுபவித்தேன். பர்மியப் பெண்கள் தலையில் பூவும் வாயில் சுருட்டுமாகக் கடையில் உட்கார்ந்து, ஆண்களிடம் பேரம் பேசி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பேரம் பேசி ஜெயிப்பார்கள். கதவு ஒன்றுதான் வித்தியாசம்.

மின்சார டிராமில் ஏறினேன். எங்கள் ஊரில் வண்டியை நிறுத்த வேண்டுமானால் "ஏ, நிறுத்துப்பா" என்றால் போதும், மாடே நின்றுவிடும். டிராமில் அதையே கத்தினேன். வண்டி நிற்கவில்லை; வண்டியிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கைத்தறிச் சட்டை போட்டிருந்த பர்மிய இளைஞன் ஒருவன் தன் நண்பனிடம் ஏதோ சொன்னான். பக்கத்திலிருந்த தமிழ்க் குமாஸ்தா எனக்குச் சொன்னார்: "இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் வெள்ளைக்காரன் நம் நாட்டை ஓட்டுகிறான் என்கிறான்." அந்தச் சட்டை சீமைத் துணியை விட்டவர்களின் சின்னம் என்பதும் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. நான் என் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் இப்படிப் போனதும் அத்தானே வந்து, "நாளைக்கி கியாக்தான் போவமா? ஆத்துக்கு நடுவுல கோயிலு. வந்த நாளாப் பாக்கணும்னு இருக்கேன்" என்றார். இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருந்தவர் மில்லையும் ஓடையையும் தவிர எதையும் பார்த்ததில்லை. வேலை நின்றிருக்காவிட்டால் இருவரும் பார்த்திருக்க மாட்டோம்.

நீராவிப் படகில் போய் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, பிறகு ஒரு சம்பான் படகில் குந்தி உட்கார்ந்து அந்தத் தீவுக்கோயிலுக்குப் போனோம். நான் ஏறியதும் சம்பான் ஒரு பக்கம் சாய்ந்தது. படகுக்காரர் என்னை நடுவில் உட்காரவைத்து, அசைய வேண்டாமென்று கையால் காட்டினார். புத்தருக்குப் பிறகு அவ்வளவு அசையாமல் உட்கார்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

கோயிலைச் சுற்றித் தண்ணீரில் கெளுத்தி மீன்கள், ஒவ்வொன்றும் என் கை தடிமன். வருகிறவர்கள் பொரி போடுகிறார்கள், அவை வாயைப் பிளந்துகொண்டு வருகின்றன. அத்தான் படியில் உட்கார்ந்து பொரி போட்டுக்கொண்டே பேசினார்.

"ஆள் கூட்டறதுன்னா என்னான்னு தெரியுமா மாப்ள? வாசல்ல நின்னு வெத்தலை பாக்கு வைக்கணும். வர்றவன் கையில இல்ல, அவன் ஆத்தா கையில. அவ எடுத்துக்கிட்டான்னா பிள்ளை என் பேர்ல வந்துட்டான். அப்புறம் அவனுக்குக் காய்ச்சல்னாலும் நான்தான், அடிதடின்னாலும் நான்தான். திருப்பிக் கொண்டாந்து அந்த வாசல்ல விடுறவரைக்கும் நான்தான்."

"எல்லாரையும் நல்லபடியாத்தானே வச்சிருக்கீக?"

அவர் பொரியை மொத்தமாகக் கொட்டினார்.

"மாடசாமின்னு ஒருத்தன். நம்ம சந்தனத்தோட அண்ணன். வாந்திபேதி வந்த வருசம் போயிட்டான். மடியில போட்டு வச்சிருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல."

"செய்தி ஊருக்குப் போயிருக்குமே அத்தான்."

"யார் மூலமாவோ போயிருக்கும். நான் போயிச் சொல்லலேல்ல. அவ வாசலைத் தாண்டித்தான் நம்ம வீட்டுக்குப் போகணும். எந்த மூஞ்சியோட போவேன்?"

இத்தனை வருஷப் பருவமும் இதுதான். நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமென்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. என்னைப் போலவே வாயைத் திறந்தபடி ஒரு கெளுத்தி மட்டும் வந்தது.

"இப்ப இவங்க கேக்கறது நியாயந்தான்" என்றார் அத்தான். "ஆனா அவனவன் பேரை அவனவனே குடுத்துட்டான்னா, நான் யாரு?"

திரும்பி வரும்போது படகில் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆட்கள் ஜெயித்தால் 'முத்தையா ஆள்' என்று இனி யாரும் இல்லை. அப்போது அத்தானுக்கு ரங்கூனில் இருக்க ஒரு சாக்கும் இல்லை. அக்காவின் வாசப்படி எனக்குத் திறக்கும். அன்று முதல் நான் தீவிரமான தொழிலாளர் கட்சி. பலபேர் படித்து அந்தக் கட்சிக்கு வந்தார்கள். நான் அக்காவுக்குப் பயந்து வந்தேன்.

ஆனால் நான் குடை பிடித்து இறங்கியதால் அத்தான் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே இருந்தது. சத்தியம் மீறியவன் என்ற பேரோடு அவரை எப்படிக் கப்பலேற்றுவது? மறுநாள் மத்தியானம் குடையும் கோட்டும் இல்லாமல் ஆட்களின் கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகை வாசலில் டோ சேன் என்ற பர்மிய அம்மாளின் கடை. டோ என்பது அங்கே வயதான பெண்களுக்கு மரியாதைச் சொல். மீன் குழம்பில் சேவையைப் போட்டு மொகிங்கா விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு கிண்ணம் வாங்கித் தைரியத்தை வளர்த்துக்கொண்டேன். அவள் என்னைச் சுட்டிக்காட்டிப் பர்மிய மொழியில் ஏதோ சொல்ல, அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மொழிபெயர்த்தான்: "இவர்தான் அந்தக் குடை மேஸ்திரியா, குடைக்குள்ளே அடங்கமாட்டாரே என்கிறாள்."

அவள் மேலும் பேசினாள், இப்போது சிரிக்காமல். "நீங்கள் கடலைத் தாண்டி வந்து மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதால்தான் என் தம்பிக்கு மில்லில் இடமில்லை. இப்போது தலையாட்ட மாட்டோம் என்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஜெயித்தாலும் என் தம்பிக்கு இடம் கிடைக்காது, அதுவும் எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு, ஒரு கட்டு விறகை எடுத்துக் கொட்டகைப் பக்கம் தள்ளினாள். "உலை வைத்துவிட்டு விறகில்லாமல் நிற்கிறார்கள், போய்க் கொடு."

விறகுக் கட்டோடு உள்ளே போனேன்.

"வாங்க மேஸ்திரி. குடை எங்க?" என்றான் சந்தனம்.

"நான் மேஸ்திரி இல்லப்பா. எனக்கு வேலையே கிடையாது. அக்கா வீட்டில சாப்பிடுறவன். கப்பல்ல பெருமை பேசினேன், கூட வந்தவங்க நம்பிப் பின்னால வந்துட்டாங்க. அத்தானுக்கு நான் வர்றதே தெரியாது. மகளுக்குக் கல்யாணம், கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எல்லா மச்சினனும் இப்பிடித்தான் சொல்லுவான்."

எனக்கு ஆதரவாக மூலையிலிருந்து ஒரு குரல். கப்பலில் என் பாயைச் சுருட்டியவன். போக்கிடம் இல்லாமல் இவர்களோடேயே வந்து சேர்ந்த என் சீடர்கள் அத்தனை பேரும் அங்கே விறகு பிளந்துகொண்டும் தண்ணீர் தூக்கிக்கொண்டும் இருந்தார்கள். "ஐயா சொல்றது நெசந்தான். ரங்கூன்ல பனைமரம் ஜாஸ்தின்னு சொன்னாரு. இங்க வந்து பாத்தா தெரியுது, அவரு வந்ததே இல்லைன்னு."

சந்தனம் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சோறு ஆயிருச்சு. உக்காருங்க" என்றான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கொட்டகையில் ஒவ்வொரு மேஸ்திரியின் ஆட்களுக்கும் ஓர் அடுப்பு, அந்த அடுப்பைச் சுற்றிச் சாதிக்கொரு மூலை. மேஸ்திரிக்குச் சோறு தனியாக, முதலில் போகும். வேலை நின்ற பிறகு அரிசி குறைந்தது, அடுப்பு ஒன்றானது, மூலைகளும் போய்விட்டன. யார் பக்கத்தில் யார் என்றில்லாமல் ஒரே வரிசை. என் தகப்பனார் பார்த்திருந்தால் அங்கேயே தலைமுழுகியிருப்பார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பு மணத்தது. சாதி விஷயத்தில் என்னைவிட என் வயிறு எப்போதும் முற்போக்கு.

சாப்பிட்டு முடித்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றேன்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சந்தனம் தானே கரண்டியை எடுத்து வந்தான். "எந்த மேஸ்திரியும் நம்ம பானையில ரெண்டாந்தரம் கேட்டதில்ல. இந்தாளை நம்பலாம்டா" என்றான். பிறகு குனிந்து ஊற்றும்போது மெதுவாக, "அவரு சத்தியம் மீறலைன்னு எனக்கு மனசுல தெரியும். எங்க அண்ணனைத் தூக்கிச் சுமந்தவரு" என்றான்.

அந்த வாரத்திலேயே மில் இறங்கி வந்தது. பசுண்டாங் ஓடை முழுவதும் நெல் படகுகள் வந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. அரைக்க ஆளில்லை, படகுக்காரர்களின் வசவு நிற்கவில்லை. இனி ஆள் ஒவ்வொருவன் பேரையும் மில்லே பதிந்துகொள்ளும் என்று அறிவித்தார்கள்.

மில் சங்கு ஊதிய அந்தக் காலையை மறக்க முடியாது. புகைபோக்கியில் உமிப் புகை கிளம்பியது. கேட்டில் ஒரு வங்காளிக் குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவனாகப் போய்த் தன் பேரைச் சொன்னான். சிலருக்குத் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிப் பழக்கமில்லை; வெட்கப்பட்டார்கள். ஒருவன் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது அத்தானை. அத்தான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஒவ்வொருவன் முறை வரும்போதும் அவர் உதடுதான் முதலில் அசைந்தது.

சங்கு ஓய்ந்து எல்லாரும் உள்ளே போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். ஜெயித்தது என் கட்சி. ஆனாலும் அவரிடம் போய் "கிளம்புவோமா" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மத்தியான இடைவேளையில் அவர்களே மாடிக்கு வந்தார்கள், உமித்தூசி படிந்த தலையோடு. ஒவ்வொருவன் கையிலும் வெற்றிலையும் பாக்கும். சந்தனம் பேசினான்.

"எங்க வாசல்ல நீங்க வச்சதைத் திருப்பி வாங்கிக்கிருங்க. இனிமே எங்களுக்கு நாங்களே ஜவாப்பு. நீங்க போயி மக கல்யாணத்தைப் பாருங்க."

மேஸ்திரிக்கு அப்படித் திருப்பிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அன்றுதான் அந்தப் பழக்கமே உண்டாயிற்று. ஒவ்வொருவனாக வந்து கொடுத்தான். அத்தான் இரண்டு கையாலும் வாங்கி வாங்கித் துண்டில் வைத்தார். எல்லாரும் கொடுத்த பிறகும் கையை நீட்டியபடியே இருந்தார்.

"மாடசாமியோடது?"

"அதை நான் குடுக்க முடியாது" என்றான் சந்தனம். "எங்க ஆத்தாதான் குடுக்கணும். போயிக் கேளுங்க."

அத்தான் அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டினார்.

கப்பலில் திரும்பும்போது எனக்கு வாந்தி வரவில்லை, அத்தானுக்கு வந்தது. ஊர் எல்லையில் வண்டியை விட்டு இறங்கியதும் அவர் எங்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு நாள் வைத்த வீட்டுக்காரர், சாவு விழுந்த வீட்டுக்கு முதலில் போவதா? என் அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மாடசாமியின் ஆத்தா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையை நிறுத்தவில்லை.

"உம் பிள்ளை போயிட்டான் ஆத்தா" என்றார் அத்தான்.

"தெரியும். ஊரே சொல்லிச்சு. நான் யார் சொன்னதையும் எடுத்துக்கலை. கூட்டிட்டுப் போனவன் வந்து சொல்லட்டும்னு இருந்தேன். இன்னி வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் செய்யலை." அப்போதுதான் அவள் கை நின்றது. "வந்துட்டேல்ல. நாளைக்கிக் கடலுக்குப் போயி முழுகிட்டு வந்துருவோம்" என்றாள்.

அத்தான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "அந்த வெத்தலையைத் திருப்பிக் குடுத்துரு ஆத்தா. சந்தனம்கூடக் குடுத்துட்டான். அவன் பேரை அவனே மில்லுல குடுத்துச் சேந்துட்டான். இனிமே அவன் என் ஆள் இல்ல."

"அவன் யார்கிட்ட வேணா எதை வேணா குடுக்கட்டும்" என்றாள் கிழவி. "நான் உங்கிட்டத்தான் ரெண்டு பிள்ளையைக் குடுத்தேன். ஒண்ணுக்குச் சொல்லிட்ட. இன்னொண்ணைக் கொண்டாந்து விடு, அப்பத் தாரேன்."

ரங்கூனில் மில்லே ஒத்துக்கொண்ட சட்டம், அந்த வாசலில் செல்லவில்லை.

மறுநாள் கடலுக்குப் போய் மாடசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அத்தானும் கிழவியோடு முழுகினார். தை பிறந்து வள்ளி கல்யாணம் நடந்தது. அத்தான் தாரை வார்த்தார். முதலில் எந்த வீட்டுக்குப் போனார் என்பது அக்காவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் தெரியாமல் போகிற விஷயம் ஏது. அவருக்கு வழக்கம்போலப் பரிமாறினாள். எனக்கு மட்டும் இரண்டு நாள் மோர் ஊற்றவில்லை.

மறுவீட்டு விருந்து முடிந்ததும் அத்தான் மறுபடி பெட்டியைக் கட்டினார்.

"மேஸ்திரி வேலைதான் போச்சே. அங்க என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"சந்தனம் இருக்கான்" என்றார் அத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போ" என்றாள்.

போனேன். அத்தான் அந்தக் கேட்டில் வரிசையில் நின்று, குமாஸ்தாவிடம் தன் பேரைத் தானே சொல்லிச் சாதாரண ஆளாகச் சேர்ந்தார். என் பேரையும் சொல்லிவிட்டார். நான் சுமந்த மூட்டைகளைப் பற்றி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்று அந்த ரங்கூன் இல்லை. யுத்தத்தில் குண்டு விழுந்தது, டிராம் போயிற்று, நம்மவர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் கலைந்து வந்தார்கள். டோ சேனின் தம்பிக்கு அதற்குப் பிறகாவது மில்லில் இடம் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். மீன் குழம்பு மணத்தால் எங்கே இருந்தாலும் நான் பசுண்டாங் ஓடைக்கரைக்குப் போய்விடுகிறேன்.

சந்தனத்தைக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் பருவம் பருவமாகப் போய்விட்டது. அவன் மில் தொழிலாளர் சங்கத்துக்குக் காரியதரிசி ஆகியிருந்தான். மேஸ்திரியைக் கப்பலேற்றுவதைவிடக் காரியதரிசியைக் கப்பலேற்றுவது கஷ்டம். எப்போது கேட்டாலும் ஒரு கூட்டம் இருக்கிறது என்பான். அத்தான் கோபிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் போய், "ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்.

கூட்டிக்கொண்டுதான் வந்தோம்.